மூன்றாம் சில்லு

நிருபராக நான் அலைந்த காலமெல்லாம் மோட்டார் சைக்கிளின் மேலேயே கழிந்தது. இன்று முழங்கால்கள் ஒத்துழைக்க மறுக்கின்றன. ஆதலால் மேல்நாட்டு முதியவர்களின் உபாயமொன்று என்னைக் கவர்ந்தது.

1975இல் விற்பனைக்கு வந்த ஹொண்டா கோல்ட் விங், நெடும்பயணத்துக்குப் பேர்பெற்ற வண்டி. 2001ஆம் ஆண்டு முதல் வெளிவந்த 1832 சிசி, ஆறு சிலிண்டர் வடிவம் ஏறத்தாழ 400 கிலோ எடையுள்ளது. ஓடும்போது அந்தப் பாரம் தெரியாது; சமிக்ஞை விளக்கடியில் காலூன்றி நிற்கும்போது தெரியும். முதியவர்கள் அதன் பின்சில்லைக் கழற்றி, டிஃபரன்ஷியல் கொண்ட அச்சில் இரு சில்லுகளைப் பூட்டி ‘ட்ரைக்’ ஆக்கிவிடுகின்றனர். திருப்பத்தில் வெளிச்சில்லு அதிக தூரம் ஓடவேண்டியிருப்பதால் டிஃபரன்ஷியல் இன்றியமையாதது.

இனி விழும் பயமில்லை. ஆனால் வண்டி சாய்வதுமில்லை. இரு சில்லில் வேகமாகச் செல்கையில் வலப்புறம் திரும்ப, வலக் கைபிடியை முன்தள்ளுவோம். ட்ரைக்கில் அவ்வாறு தள்ளினால் அது இடப்புறம் பாயும். திருப்பத்தில் வேகம் மிகுந்தால் உட்சில்லு நிலத்தைவிட்டு எழும். நாற்பதாண்டுப் பழக்கமே அங்கு எதிரி.

இரு சில்லைத் துறந்தவன் தோற்றவன் என்று ஏளனம் செய்வோர் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. முதுமையில் பாதையைத் துறப்பதா, பழக்கத்தைத் துறப்பதா என்று வந்தால், பழக்கத்தைத் துறப்பதே கடினம்; அதுவே மேலானதுங்கூட.