வெர்னாஸ்ஸாவில் ஓர் இரவு தங்கலாமா?

ஜூன் பள்ளி விடுமுறைக்கு இத்தாலி என்று முடிவானபோது விமான டிக்கெட்டில் வாக்குவாதம் வரவில்லை. ரோமில் எத்தனை நாள், மிலானில் எத்தனை நாள் என்பதிலும் வரவில்லை. ஒரே ஓர் இரவுதான் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு வாரம் ஓடியது. கடலோரச் சிற்றூரில் அந்த இரவைக் கழிப்பதா, இல்லை பக்கத்து நகரத்தில் பாதி விலைக்கு அறை எடுத்துக்கொண்டு, காலையில் ரயிலில் போய் மாலையில் திரும்புவதா?

இத்தாலியின் வடமேற்குக் கரையில், லிகூரியா வட்டாரத்தில் இருக்கிறது சிங்குவே டெர்ரே. ‘ஐந்து நிலங்கள்’ என்று பொருள். மொன்டெரோஸ்ஸோ, வெர்னாஸ்ஸா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜோரே என்று ஐந்து ஊர்கள் மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மஞ்சளும் இளஞ்சிவப்புமாகப் பாறைமேல் அடுக்கிய வீடுகளின் படத்தை எங்காவது நிச்சயம் பார்த்திருப்பீர்கள். 1997ல் யுனெஸ்கோ மரபுடைமைத் தலமானது. 1999ல் தேசியப் பூங்காவானது. ஊருக்குள் கார் ஓட்டிக்கொண்டு போக முடியாது, ரயில்தான் வசதி. அருகிலுள்ள பெரிய நகரமான லா ஸ்பெட்ஸியாவிலிருந்து முதல் ஊருக்கு ரயிலில் பத்து நிமிடம்கூட ஆகாது.

அந்தப் பத்து நிமிடம்தான் என் கணவரின் வாதம். “எம்ஆர்டியில வேலைக்குப் போற நேரம்கூட இல்ல. இதுக்கு ஏன் அங்கேயே தங்கணும்?” வெர்னாஸ்ஸாவில் நால்வர் தங்கும் அறைக்கு 230 யூரோ கேட்டார்கள். லா ஸ்பெட்ஸியாவில் சமையலறையோடு 105 யூரோவுக்குக் கிடைத்தது. வித்தியாசம் கிட்டத்தட்ட 185 வெள்ளி. என் கையில் இருந்ததோ ஒரு படம் மட்டும்: இருட்டும் நேரத்தில் துறைமுகம், ஆளில்லாத சதுக்கம், சன்னல்களில் மஞ்சள் விளக்கு. பகல்நேரப் படங்களில் தலைகள்தான் தெரிந்தன.

அம்மாவுக்கு வயது எழுபது. வலது முழங்கால் சரியில்லை. “இதான் என் கடைசிப் பெரிய பயணம்” என்று சொல்லிவிட்டுத்தான் கடப்பிதழைப் புதுப்பித்தார். எங்கள் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தவர் ஒன்றே ஒன்று சொன்னார்: “எனக்கு எங்க படுத்தாலும் தூக்கம் வரும்மா. மேல ஏறணுமான்னு மட்டும் கேட்டுக்க.”

நான் கேட்கவில்லை. ‘துறைமுகத்திலிருந்து இரண்டு நிமிடம்’ என்று அறை விளம்பரத்தில் போட்டிருந்தது. கேட்டால் ஏறணும் என்று பதில் வந்துவிடுமோ என்ற பயத்திலேயே கேட்காமல் விட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. பணம் கட்டியாகிவிட்டது.

மிலானிலிருந்து லா ஸ்பெட்ஸியாவுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். அங்கே பெரிய பெட்டிகளைக் கட்டணம் கட்டி வைத்துவிட்டு, ஒரு சிறு பெட்டியோடும் இரண்டு முதுகுப்பைகளோடும் சிற்றூர் ரயிலில் ஏறினோம். அந்தப் பயணத்தில் நாங்கள் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது. ரயில் பெரும்பாலும் சுரங்கத்துக்குள்தான் ஓடுகிறது. இடையிடையே இரண்டு நொடி வெளிச்சம், நீலக் கடல், மறுபடி இருட்டு. வெர்னாஸ்ஸா நடைமேடையின் ஒரு பகுதியே சுரங்கத்துக்குள் இருக்கிறது. கடைசிப் பெட்டிகளில் இருந்தால் இருட்டில்தான் இறங்கவேண்டும்.

நண்பகல். நிலையத்திலிருந்து துறைமுகம்வரை ஒரே தெரு, சற்றே சரிவு, ஐந்து நிமிட நடை. அன்று எங்களுக்கு இருபது நிமிடம் ஆனது. லா ஸ்பெட்ஸியாவுக்குப் பெரிய உல்லாசக் கப்பல்கள் வருகின்றன. அவற்றிலிருந்து இறங்கியவர்கள் சட்டையில் எண் ஒட்டி, கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் கும்பல் கும்பலாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் சிராங்கூன் சாலையில் நடப்பதுபோல் இருந்தது. மகன் ஐஸ்கிரீம் வரிசையில் நின்றான். கணவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ‘ஒன்றும் சொல்லாமை’ எனக்கு நன்றாகவே கேட்டது.

அறை துறைமுகத்திலிருந்து இரண்டு நிமிடம்தான். அந்த இரண்டு நிமிடமும் படிக்கட்டு. பக்கத்துச் சந்தில் திரும்பியதும் கல்படிகள் செங்குத்தாகப் போயின. மகன் ஓடிப்போய் எண்ணிவிட்டு வந்து சொன்னான்: “எழுபத்து மூணு, பாட்டி!” மின்தூக்கி கிடையாது. அந்தச் சந்தில் அதற்கு இடமும் கிடையாது.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறினார். நான்கு இடத்தில் நின்றார். மேலே போய் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தபிறகு, கோபமில்லாமல் சொன்னார்: “நான் இன்னைக்கு இனிமே இறங்கல. நீங்க போய்ப் பாருங்க.”

அந்த மாலை முழுக்க அந்த வாக்கியம் என் கூடவே வந்தது.

ஆறு மணிக்குக் கீழே இறங்கினேன். கூட்டம் குறையத் தொடங்கியிருந்தது. ஏழு மணிக்குப் பாதி. எட்டு மணிக்கு, நான் வீட்டில் காட்டிக்கொண்டிருந்த படம் அப்படியே கண்முன் வந்து நின்றது. ஜூன் மாதம் அங்கே சூரியன் மறைய ஒன்பது மணி தாண்டிவிடும். ஏழேகாலுக்கெல்லாம் இருட்டிவிடும் ஊரிலிருந்து போகிற நமக்கு அந்த நீண்ட மாலை இலவசமாகக் கிடைத்த இன்னொரு நாள் மாதிரி. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கல் அணையில் உள்ளூர்ப் பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். என் மகனும் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தான். தண்ணீரை ஒட்டி நிற்கும் பழைய தேவாலயத்தின் சுவர் பொன்னிறமாகி, பிறகு சாம்பலாகியது. அழகாகத்தான் இருந்தது. மேலே எந்தச் சன்னல் எங்களுடையது என்று தேடிக்கொண்டே பார்த்தேன்.

ஒன்று புரிந்தது. இந்த மாலைக்கு அறை தேவையில்லை. லா ஸ்பெட்ஸியா போகும் ரயில்கள் இரவு வெகுநேரம்வரை இருக்கின்றன. மாலை நான்கு மணிக்குமேல் வந்து, கூட்டம் போகும்வரை காத்திருந்து, சாப்பிட்டுவிட்டு ரயிலேறியிருந்தால் இதே மாலையைப் பாதி விலையில் பார்த்திருக்கலாம். கணவர் சொன்னது சரி. இதை அவரிடம் அங்கேயே சொல்லவில்லை; இந்தக் கட்டுரையில் படித்துக்கொள்ளட்டும்.

சாப்பாட்டை மேலே வாங்கிக்கொண்டு போனோம். அம்மா சைவம், இந்தக் கரையில் அது பெரிய தொல்லையில்லை. கடலை மாவைக் கரைத்து ஆலிவ் எண்ணெய் விட்டு அடுப்பில் சுடும் ஃபாரினாட்டா கிடைக்கிறது. நம் அடைக்கு ஒன்றுவிட்ட உறவு. ஃபொகாச்சா ரொட்டி இருக்கிறது. பெஸ்டோ பிறந்த ஊரான ஜெனோவா பக்கத்தில்தான். அந்தப் பச்சைத் துவையலை முகர்ந்த அம்மா உடனே, “இது திருநீற்றுப்பச்சிலைல்ல?” என்றார். அதேதான். பேசில் என்று பேரங்காடியில் விலை கொடுத்து வாங்கும் இலைக்கு நம் பாட்டிகள் வைத்த பெயர். அதில் பாலாடைக்கட்டியும் பைன் கொட்டையும் பூண்டும் சேர்த்து அரைக்கிறார்கள். பாலாடைக்கட்டியில் விலங்குப் பொருள் சேராததுதான் வேண்டும் என்பவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

சாப்பிட்டுக்கொண்டே, தான் பார்த்ததை அம்மா சொல்ல ஆரம்பித்தார். அறைச் சன்னலிலிருந்து இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு முழம் கடல்தான் தெரியும். மீதியெல்லாம் எதிர்ச்சுவர்.

“எதிர்க்க எட்டுச் சன்னல் இருக்கு. ஒண்ணுலதான் வீட்டுக்காரங்க. மத்ததெல்லாம் நம்மள மாதிரி.”

“எப்படித் தெரியும்?”

“மத்தவங்க சன்னலத் திறந்ததும் படம் எடுக்கறாங்க. அந்தம்மா துணி எடுக்கறா, செடிக்குத் தண்ணி விடறா. கடலப் பாக்கவே இல்ல.”

இந்த ஊர்களைப் பற்றி நான் படித்துவைத்ததெல்லாம் அந்தக் கணக்குக்குள் அடங்கிவிட்டது. முன்பு இவர்கள் திராட்சையை நம்பி வாழ்ந்தவர்கள். சிமெண்டோ காரையோ இல்லாமல் கல்மேல் கல் அடுக்கி, மலை முழுக்கப் படிப்படியாக நிலம் செய்தார்கள். சுற்றுலாவில் வருமானம் வந்ததும் மலையேறி வேலை செய்ய ஆள் குறைந்தது. கவனிப்பாரற்ற கல்சுவர் மழையில் சரியும். 2011 அக்டோபர் 25 அன்று கொட்டிய பெருமழையில் வெர்னாஸ்ஸாவும் மொன்டெரோஸ்ஸோவும் வெள்ளத்திலும் மண்சரிவிலும் சிக்கின. இந்தத் தெருவில், நாங்கள் ஐஸ்கிரீமுக்கு நின்ற இதே தெருவில், நான்கு மீட்டர் உயரத்துக்குச் சேறும் கல்லும் நிறைந்தன. உயிர்ப்பலியும் ஏற்பட்டது. தோண்டித் துடைத்து ஊரை மீட்டார்கள். மீட்ட வீடுகளில் பல இன்று வாடகை அறைகள். பகலில் வந்துபோகிறவர்கள் நெரிசலைத் தருகிறார்கள்; தங்குகிறவர்கள் காசு தருகிறார்கள், ஆனால் ஒரு வீட்டை எடுத்துக்கொள்கிறார்கள். எது குறைந்த பாவம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. 230 யூரோ கொடுத்த சன்னலில் நின்றுகொண்டு சொல்வது இன்னும் கடினம்.

மறுநாள் காலை ஆறரைக்கு விழித்தபோது அம்மாவின் படுக்கை காலி. திடுக்கிட்டுப் போய்க் கதவைத் திறந்தால், முப்பதாவது படியில் இருந்தார். “இறங்கறது ஏறற மாதிரி இல்ல, வா” என்றார். மணியோசை கேட்டது. கீழே சிறு வண்டிகளில் கடைகளுக்குச் சாமான் போய்க்கொண்டிருந்தது. ஒருவர் தெருவைத் தண்ணீர் விட்டுக் கழுவினார். துறைமுகத்தில் ஒரு நீள இருக்கையில் மூன்று மூதாட்டிகள் உட்கார்ந்து எதையோ தீவிரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நம் புளோக் கீழ்த்தளத்தில் காலை நடை முடித்துவிட்டு உட்காரும் கூட்டத்தின் அதே குரல், அதே கையசைப்பு. அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு போனார். ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

ஒரு மணி நேரம் அங்கே இருந்தார். ஒரு மூதாட்டி அம்மாவின் முழங்காலைக் காட்டி, பிறகு படிக்கட்டைக் காட்டி, பிறகு தன் முழங்காலைத் தட்டிக் காட்டினார். நால்வரும் சிரித்தார்கள். நான் காப்பி வாங்கிக்கொண்டு தள்ளியே நின்றேன். எட்டரை மணி ரயிலில் முதல் கும்பல் வந்து இறங்கியது. மூதாட்டிகள் எழுந்து வீட்டுக்குப் போனார்கள்.

இதே காலை லா ஸ்பெட்ஸியாவில் தங்கினாலும் கிடைக்கலாம்தான். ஆனால் விடுமுறையில் குடும்பத்தோடு ஆறு மணி ரயிலைப் பிடித்தவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கால்வலியுள்ள பெரியவர்களோடு போனால் வெர்னாஸ்ஸா வேண்டாம். மொன்டெரோஸ்ஸோவின் புதிய பகுதியில் தங்குங்கள். நிலையமும் கடற்கரையும் எதிரெதிரே, தரை சமதளம். மின்தூக்கி உள்ள ஹோட்டல்களும் உண்டு. படத்துக்கு அவ்வளவு எடுப்பாக இராது, அவ்வளவுதான். கொர்னீலியா மலைமேல் இருக்கிறது. நிலையத்திலிருந்து ஊருக்கு ஏறக்குறைய 380 படி. சிறு பேருந்து ஓடுகிறது. மனரோலாவுக்கும் ரியோமஜோரேவுக்கும் இடையிலான ‘காதல் பாதை’ 2012ல் பாறை விழுந்து மூடப்பட்டது, 2024ல் திறந்துவிட்டார்கள். நேரம் குறித்து முன்பதிவு செய்யவேண்டும். நம் பள்ளி விடுமுறை இரண்டுமே இந்த ஊர்களுக்கு ஒத்துவராது: ஜூனில் நெரிசல், டிசம்பரில் பல கடைகளும் அறைகளும் பூட்டிக் கிடக்கும், படகும் ஓடாது. பிள்ளைகள் இல்லாத இளையர்கள் ஏப்ரலிலோ அக்டோபர் தொடக்கத்திலோ போகலாம். நல்ல கால் இருந்தால் லா ஸ்பெட்ஸியாவிலோ லெவான்டோவிலோ அறை போதும். எங்கே தங்கினாலும், எத்தனை படி என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.

பெட்டியைக் கணவர் சுமந்து இறக்கினார். நிலையத்தில், சுரங்கத்தின் வாய்க்குப் பக்கத்தில் இருந்த இருக்கையில் அம்மாவை உட்காரவைத்தோம்.

“அம்மா, மன்னிச்சிடுங்க. கேட்டிருக்கணும்.”

“கேட்டிருந்தா வந்திருக்க மாட்டேன்” என்றார். ரயில் வரும் ஓசை சுரங்கத்துக்குள் கேட்டது. எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டவர், மருமகனிடம் சொன்னார்: “அடுத்த தடவை அந்தக் கடற்கரை உள்ள ஊர்ல போடுங்க தம்பி. அங்கதான் படி இல்லையாமே.”

கணவர் ரயிலில் ஏறியதும் கைப்பேசியை எடுத்து மொன்டெரோஸ்ஸோவில் அறை விலை பார்த்தார். அங்கேயும் 240 யூரோ.