கட்டவிழ்த்தல்

நான் முன்பு பணியாற்றிய பங்கில் நாற்பது வயது மதிக்கத்தக்க உபதேசியார் ஒருவர் இருந்தார். 2014ஆம் ஆண்டின் தவக்காலத்தில், ஞாயிறு தோறும் மறையுரையின் நடுவே அவர் எழுந்து பக்கவாசல் வழியாக வெளியே செல்வதைக் கவனித்தேன். மூன்றாம் ஞாயிறன்று, திருவுடை மாற்றும் அறையில், பீடச்சிறுவர்கள் நிற்கும்போதே, “உபதேசியாரே, நீங்களே எழுந்து போனால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்?” என்று கடிந்துகொண்டேன். “மன்னிக்கணும் சாமி” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவரால் சிறுநீரை அடக்க இயலவில்லை என்பதைச் சிறுவர்கள் முன்னிலையில் எப்படிச் சொல்வார்?

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, திருவிழாவில் சப்பரம் தூக்கிய மறுநாள், இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலியைப் பற்றி அவர் என்னிடம் சொல்லியிருந்தார். குனிந்தால் வலி, மிதிவண்டி மிதித்தால் வலி. “பொறுத்துக்கொள்ளுங்கள், ஆண்டவருக்கு ஒப்புக்கொடுங்கள்” என்றேன். துன்பத்தின் பொருள் பற்றிக் குருமடத்தில் நிறையப் படித்தவன் நான். எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

நான் கடிந்துகொண்ட செய்தியறிந்து அவருடைய மனைவி வந்து உண்மையைச் சொன்னார். மறுவாரம் நானே அவரை நரம்பறுவை மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். இளைஞரான அம்மருத்துவர் முதலில் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தார். இடுப்புக்கு நடுவே ஒரு முடிக்கற்றை. பிறவியிலேயே உள்ளது, அதிர்ஷ்டக்குறி என்று பாட்டி சொல்வாராம். பிறகு பாதங்களைப் பார்த்தார். இடப்பாதம் சற்றே சிறியது. “எத்தனை நாளாகச் செருப்பு தானாகக் கழல்கிறது?” என்று கேட்டார். உபதேசியார் வியந்துபோனார். எம்.ஆர்.ஐ. படம் மருத்துவரின் ஐயத்தை உறுதிசெய்தது.

தாயின் கருவில் மூன்றாம் மாதம் வரை தண்டுவடமும் முதுகெலும்பும் ஏறத்தாழ ஒரே நீளம். பின்னர் எலும்பு விரைந்து வளர, தண்டுவடத்தின் நுனி மேலே நின்றுவிடுகிறது. வளர்ந்தவர்களில் அது பெரும்பாலும் இடுப்பின் முதல் இரண்டு முள்ளெலும்புகளின் மட்டத்தில் முடிந்துவிடும். அங்கிருந்து ஒரு மெல்லிய இழை மட்டும் கீழே செல்கிறது. சிலருக்கு அந்த இழை பிறவியிலேயே தடித்தும் கொழுப்பேறியும் இருக்கும். அப்போது தண்டுவடம் கீழே கட்டுண்டு கிடக்கிறது. குனியும்போதெல்லாம் இழுபடுகிறது, இழுபடும் நரம்புத் திசுவிற்கு உயிர்வளி குறைகிறது. 1976இல் கனடாவின் டொரண்டோ நகரில் ஹாஃப்மன் முதலிய அறுவை மருத்துவர்கள் இதனைக் ‘கட்டுண்ட தண்டுவடம்’ என்று விவரித்தனர். குழந்தைகளின் நோய் என்றே பெரிதும் கருதப்பட்ட இது வளர்ந்தவர்களிடமும் வெளிப்படும் என்பதை, 1982இல் பாங், வில்பெர்கர் ஆகிய இருவரும் 23 பேரை ஆராய்ந்து எழுதினர். பல்லாண்டுகள் தாங்கிய உடல், ஒரு வீழ்ச்சியிலோ, ஒரு பாரத்திலோ, ஒரு பிரசவத்திலோ தாங்கமாட்டாமல் போகிறது.

சிகிச்சையையும் மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார். முள்ளெலும்பின் பின்பகுதியைச் சிறிது நீக்கி, சவ்வைத் திறந்து, நுண்ணோக்கியின் கீழ் அந்த இழையைத் தேடுவர். மின்தூண்டலால் தொட்டு, காலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் செல்லும் நரம்பன்று என்று தெளிந்த பின்னரே வெட்டுவர். வலி பெரும்பாலும் தணியும், கால் வலுப்பெறக்கூடும், நெடுநாள் கெட்ட சிறுநீர்ப்பை திரும்புவது அரிது. நீர்க்கசிவு, தொற்று, இருக்கும் வலுவும் குறைதல், தழும்பினால் மீண்டும் கட்டுண்ணுதல் ஆகிய ஆபத்துகளும் உண்டு. “போனதை மீட்பதைவிட, இருப்பதைக் காப்பதற்காகவே செய்கிறோம்” என்றார்.

பேருந்தில் திரும்பும்போது உபதேசியார் கேட்டார்: “சாமி, நீங்க சொல்லுங்க. பொறுத்துக்கிடவா, செஞ்சுக்கிடவா?”

பொறுத்துக்கொள்வது என் சொல். அது என்னிடமே திரும்பி வந்தது. அன்றிரவு லூக்கா நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தை எடுத்தேன். பதினெட்டு ஆண்டுகள் நிமிர முடியாதிருந்த அந்தப் பெண்ணின் பொறுமையைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் ஆற்றியிருக்கிறேன். ஆனால் அவளுடைய பொறுமையை இயேசு புகழ்ந்ததாக அங்கே ஒரு சொல்லும் இல்லை. ஓய்வுநாளிலும் மாட்டையும் கழுதையையும் அவிழ்த்துவிடுகிறவர்கள், கட்டுண்டிருக்கும் இவளை அவிழ்க்கலாகாதா என்றே அவர் கேட்கிறார். காலையில் உபதேசியார் வீட்டிற்குச் சென்று, “நான் சொன்ன அறிவுரை தவறு. முடிவு உங்களுடையது, நான் உடனிருக்கிறேன்” என்றேன்.

அறுவை நடந்தது. சில நாள்கள் நிமிர்ந்து படுத்தே கிடந்தார். காலுக்கு இறங்கிய வலி நின்றது. கால் மேலும் தளரவில்லை. சிறுநீர்ப்பை மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. நாள்தோறும் சில வேளைகளில் தாமே குழாயிட்டுக்கொள்ளக் கற்றுக்கொண்டார். முன்பே வந்திருந்தால் அதுவும் காக்கப்பட்டிருக்கலாம். அந்த மூன்று ஆண்டுகளில் என் பங்கும் உண்டு. அவர் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

இப்போது யாரேனும் வலி என்று வந்தால், எங்கே, எப்போதிலிருந்து, எந்த வேலையில் என்று முதலில் கேட்கிறேன். மருத்துவரைப் பார்த்தீர்களா என்று கேட்கிறேன். பிறகே தலைமேல் கைவைத்துச் செபிக்கிறேன். மறையுரையின் நடுவே யாரேனும் எழுந்து சென்றால், அந்தப் பக்கம் பார்க்காமல் தொடர்ந்து பேசுகிறேன்.