சுவரில் உள்ள சிறு பெட்டியும் ஓர் அமானிதமே



நம் பள்ளிவாசல்கள் பலவற்றில் இன்று குளிர்சாதன வசதி வந்துவிட்டது. கோடையில் ளுஹர் தொழுகைக்கு வரும் முதியோருக்கும், ரமளான் இரவுகளில் நெடுநேரம் நின்று தொழுவோருக்கும் அது பேருதவியே. அந்த வசதியோடு ஒரு புதிய பொறுப்பும் நம் சுவரில் வந்து அமர்ந்திருக்கிறது. உள்ளங்கை அளவே உள்ள அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டியை யார் தொடுவது, எந்த எண்ணில் வைப்பது என்பதற்காக, தொழுகை முடிந்த கையோடு சகோதரர்கள் முகம் சுளித்துக்கொள்வதை உங்களில் பலரும் கண்டிருப்பீர்கள்.

நான் மக்தப் மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஆசிரியன். எங்கள் பள்ளிவாசலில் மொட்டை மாடியில் ஒரு வெளி யூனிட்டும், கீழ்க்கூடத்திலும் பெண்கள் தொழும் மேல்தளத்திலுமாக எட்டு உள் யூனிட்டுகளும் இருக்கின்றன. அனைத்தையும் இயக்கும் பெட்டி ஒன்றே ஒன்று. அது ஆண்கள் தொழும் கூடத்தின் சுவரில் இருந்தது. பொருத்தியவர்கள் முத்தவல்லியிடம் பத்து நிமிடம் விளக்கிவிட்டுச் சென்றார்கள். கையேடு அலமாரிக்குள் போயிற்று.

அதன்பின் இளைஞர்கள் வந்தால் எண் 16-க்கு இறங்கும். பெரியவர்கள் வந்தால் இயந்திரமே நிறுத்தப்படும். சச்சரவு முற்றியதும், "யாரும் தொடாதீர்கள்" என்று எழுதிய தாள் ஒன்று அந்தப் பெட்டியின் மீதே ஒட்டப்பட்டது.

முதல் வரிசையை விட்டு விலகாத பெரியவர் ஒருவர் ஒருநாள் வெளித் தாழ்வாரத்தில் தனியே தொழுதுகொண்டிருந்தார். காரணம் கேட்டேன். "முட்டி விறைச்சுப் போவுது ஹஜ்ரத். ருகூவுக்குக் குனிஞ்சா நிமிர முடியலே. சின்னப் பிள்ளைகளோட இதுக்குப் போய்ச் சண்டை போடவா?" என்றார். அதே வாரம் என் துணைவியார் மேல்தளத்தின் நிலையைச் சொன்னார். ஜும்ஆவில் பெண்கள் குளிரில் நடுங்குகிறார்கள். கீழே யாரேனும் நிறுத்திவிட்டால் புழுக்கத்தில் தவிக்கிறார்கள். கைக்குழந்தை உள்ள இருவர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். அவர்கள் அழுத்துவதற்கு அங்கே ஒரு பொத்தானும் இல்லை.

நிர்வாகக் குழுவிடம் அனுமதி பெற்று, கையேட்டை எடுத்துப் படித்தேன். பராமரிப்புக்கு வந்த தொழில்நுட்பரிடம் ஐயங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மற்ற ஜமாஅத்தினருக்கும் பயன்படும் என்பதால் அவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, பெட்டியில் தெரியும் எண் வேகத்தைக் குறிப்பதன்று, எல்லையைக் குறிப்பது. கூடம் 34 டிகிரியில் இருக்கும்போது 24 என்று வைத்தாலும் 16 என்று வைத்தாலும் இயந்திரம் முழு வலிமையோடுதான் ஓடத் தொடங்கும். எங்கே ஓய வேண்டும் என்பதில்தான் வேறுபாடு. திருச்சியில் ஏறி மதுரைக்குச் சீட்டு வாங்கியவரையும் திருநெல்வேலிக்குச் சீட்டு வாங்கியவரையும் பேருந்து ஒரே வேகத்தில்தான் கொண்டு செல்கிறது. ஒன்றிய அரசின் எரிசக்தித் திறன் பணியகம், அறைக் குளிர்சாதனங்கள் 24 டிகிரியிலேயே இயங்கத் தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்று 2020 ஜனவரி முதல் விதித்துள்ளது. ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பதும் அதன் கணக்கு. பள்ளிவாசலின் மின்கட்டணம் ஏழைகளும் உண்டியலில் இட்ட பணம் என்பதை எண்ணினால் அந்த 6 விழுக்காடு சிறிதன்று.

இரண்டாவது, குளிர் வேறு, குளிர்காற்று வேறு. பெரியவரின் முழங்காலை வருத்தியதில் எண்ணுக்குப் பாதிப் பங்குதான். மீதிப் பாதி, யூனிட்டின் காற்று மடல் அவர் நின்ற இடத்தை நோக்கியே திரும்பியிருந்தது. மடலைக் கிடைமட்டமாக நிறுத்தினால் காற்று கூரையை ஒட்டிப் பரவி மெல்ல இறங்கும். இதற்கென்று தனிப் பொத்தானே இருக்கிறது.

மூன்றாவது, நீர்த்துளிச் சின்னம். குளிரைவிடக் காற்றின் ஈரத்தைக் குறைப்பதே அதன் வேலை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் விரிப்புகள் நமுத்து வாடை வீசும்போது அதுவே போதுமானது. 1902-இல் வில்லிஸ் கேரியர் வடிவமைத்த குளிர்சாதனமும், அமெரிக்காவின் புரூக்ளினில் அச்சகமொன்றில் காற்றின் ஈரத்தால் காகிதம் பாழாவதைத் தடுக்கவே உருவானது.

நான்காவது, நிறுத்தி உடனே இயக்கினால் கம்ப்ரஸர் தன்னைக் காத்துக்கொள்ள ஏறத்தாழ மூன்று நிமிடம் பொறுத்தே ஓடும். அதற்குள் "வேலை செய்யவில்லை" என்று மீண்டும் மீண்டும் அழுத்துவதில் பயனில்லை.

ஐந்தாவது, வடிகட்டியைச் சுத்தம் செய்யச் சொல்லும் குறியீடு. பொத்தானை அழுத்தினால் அது மறைந்துவிடும், தூசு மறையாது. நினைவூட்டலை மட்டும் அணைத்துவிட்டு வேலையை விட்டுவிடுவது எங்கும் நன்மை தராது.

ஆறாவது, அமர்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடலிலிருந்து ஏறத்தாழ 100 வாட் வெப்பம் வெளியேறுகிறது. ஜும்ஆவுக்கு 300 பேர் கூடினால் 30 கிலோவாட். அதைத் தணிக்கவே எட்டு டன்னுக்கு மேல் குளிர்த்திறன் வேண்டும். ஆகவே கூடம் நிறைந்தபின் எண்ணைக் குறைப்பதைவிட, பயான் தொடங்க அரை மணி நேரம் முன்னரே இயக்கிவிடுவது அறிவுடைமை. நேரம் குறித்து வைக்கும் வசதி பெட்டியிலேயே உண்டு.

ஏழாவதுதான் எனக்கு மிகுந்த சிந்தனையைத் தந்தது. எங்கள் பெட்டிக்குள் வெப்பத்தை உணரும் சிறு கருவி இருக்கிறது. எட்டு யூனிட்டுகளும் அது சொல்வதைக் கேட்டே நடந்தன. கீழே 300 பேரின் வெப்பத்தை அது உணர்ந்தபோது, சிலரே இருந்த மேல்தளத்திலும் அதே கடுமையோடு குளிர் கொட்டியது. போதாததற்கு, ஒட்டப்பட்ட தாள் அக்கருவிக்குக் காற்றுச் செல்லும் துளைகளையும் மூடியிருந்தது. யாரும் தொடக் கூடாது என்று எழுதியதில், பெட்டியும் எதையும் சரிவர உணர முடியாமல் போயிற்று.

இக்கருவியின் வரலாற்றிலும் ஓர் ஆசிரியர் இருக்கிறார். அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியொன்றில் கற்பித்த வாரன் ஜான்சன், 1883-இல் மின்சார வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அக்காலத்தில் பணியாளர் வகுப்பு வகுப்பாக வந்து வெப்பமானியைப் பார்த்துவிட்டு, கீழ்த்தளத்திற்குச் சென்று அனலைக் கூட்டவோ குறைக்கவோ செய்வார். ஜான்சனின் கருவி அறையின் நிலையை உணர்ந்து, கீழே அனலைக் கவனிப்பவருக்கு மணி அடித்து உணர்த்தியது. எட்ட இருப்பவரின் நிலை, இயந்திரம் கையில் உள்ளவருக்குத் தெரிய வேண்டும். இதற்காகவே அது பிறந்தது.

நம் மார்க்கத்தில் இது புதிய பாடமா? தனக்குப் பின்னால் முதியவரும் நோயாளியும் நிற்பதை எண்ணித் தொழுகையைச் சுருக்குமாறு இமாமுக்கு நபிகளார் (ஸல்) வழிகாட்டினார்கள். குழந்தை அழும் சப்தம் கேட்டால் தாயின் மனத்தவிப்பை எண்ணித் தாமே தொழுகையைச் சுருக்கினார்கள். தொழுகையின் நீளத்தையே பலவீனரை எண்ணி அமைக்கச் சொன்ன மார்க்கத்தில், குளிரின் அளவை உடல்வலிமை மிக்கவர் மட்டும் தீர்மானிப்பது எப்படிப் பொருந்தும்?

இவற்றை நிர்வாகக் குழுவின் முன் வைத்தேன். "எல்லோருக்கும் பொதுவாக ஒரு பூட்டுப் போட்டால் போதுமே" என்றார் ஒரு சகோதரர். பூட்டு தேவைதான்; ஆனால் பூட்டு மட்டுமே போதாது என்பதை மேல்தளத்தின் நிலையைச் சொல்லி விளக்கினேன். முத்தவல்லி அமைதியாகக் கேட்டுவிட்டு ஒப்புக்கொண்டார். மேல்தள யூனிட்டுகளைப் பிரித்து, அங்கே தனிப் பெட்டி பொருத்தப்பட்டது. அது பெண்களின் பொறுப்பு. கீழ்ப்பெட்டியில் எண் 24-க்குக் கீழே இறங்காதபடி வரம்பு வைக்கப்பட்டது. இயக்கும் பொறுப்பு மோதினாரிடமும், 16-ஐ விரும்பிய இளைஞர்களில் ஒருவரிடமும் தரப்பட்டது. பொறுப்பு வந்தபின் அந்த இளைஞரே 25-இல் வைத்து, மின்விசிறியை மெல்லச் சுழலவிடுகிறார். பெரியவரிடம் சென்று, "மாமா, காற்று படுகிறதா?" என்று கேட்டுவிட்டே தம் இடத்திற்குத் திரும்புகிறார்.

சகோதரர்களே! உங்கள் பள்ளிவாசலிலோ மதரஸாவிலோ திருமண மண்டபத்திலோ இத்தகைய பெட்டி இருந்தால், கையேட்டை ஒருமுறை படியுங்கள். அதன் மீது எதையும் ஒட்டாதீர்கள். கூட்டம் கலைந்ததும் நிறுத்துங்கள். வீண்விரயம் நமக்குத் தடுக்கப்பட்டது. அழுத்துவதற்கு முன், அந்தப் பெட்டி கைக்கு எட்டாத இடத்தில் இருப்பவர் யார் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

நம் கையில் ஒப்படைக்கப்பட்ட சிறியவற்றிலும் பெரியவற்றிலும் நேர்மையோடு நடக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.