எப்போ முடியும் இந்த ஆட்டம்?

மாட்டுப்பட்டியில் ஜூன் பிறந்துவிட்டால் வெயில் விருந்தாளி மாதிரி. வந்தால் உண்டு. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் போகும் சாலையில் 13 கி.மீ. தொலைவில், சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இந்த ஊர். அணைக்கட்டும் ஏரியும் படகும் சுற்றுலா வருகிறவர்களுக்கு. 1963இல் ஸ்விட்சர்லாந்தின் உதவியோடு தொடங்கிய கால்நடைப் பண்ணையின் புல்வெளியில் யானைக் கூட்டம் மேய்வதைப் பார்த்தால் அவர்களுக்குக் கொடுத்த காசு வசூல். லயத்து வீட்டில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு அதே யானைதான் கவலை. வெளியே மழை, தரையில் அட்டை, அந்தி சாய்ந்தால் யானை. மூன்று மாதம் பிள்ளைகளை வீட்டுக்குள்தான் வைத்திருக்க வேண்டும்.

அப்படியொரு வீட்டில் ஐந்து பேர். அம்மா கொழுந்து எடுக்கப் போகிறவர். அப்பா ஜீப் ஓட்டுகிறார். ஏழாம் வகுப்புப் பையன், ஒன்றாம் வகுப்புப் பெண், அப்பாவைப் பெற்ற ஆச்சி. ஆச்சியின் பெற்றோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறியவர்கள். இடுப்பு ஒடியக் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்ற ஆச்சிக்கு இப்போது ஒரே வேலை, வாசல் திண்ணையில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது. பேரன் மூலையில் செல்போனோடு குனிந்திருக்கும்போதெல்லாம் ஆச்சி ஒரே கேள்விதான் கேட்பார்.

"எப்போலே முடியும் இந்த ஆட்டம்?"

"இது முடியாது ஆச்சி. ஆன்லைன்."

"முடியாம ஒரு ஆட்டமா?"

யாரும் அதை ஒரு கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த போன் விளையாட வந்ததல்ல, படிக்க வந்தது. 2020 ஜூன் 1ஆம் தேதி கேரள அரசு விக்டர்ஸ் சானல் வழியாகப் பாடம் நடத்தத் தொடங்கியபோது பையன் இரண்டாம் வகுப்பு. வீட்டுப்பாடம் வாட்ஸப்பில் வந்தது. தவணையில் போன் வாங்கினார்கள். பள்ளிக்கூடம் திறந்தது, தவணையும் முடிந்தது. போன் மட்டும் பையன் கையிலேயே தங்கிவிட்டது. வீட்டில் யாருக்கும் அதில் பெரிய ஆட்சேபமும் இல்லை. மழைக்காலத்தில் பையன் வீட்டோடு இருக்கிறான் என்றால் யானை பயம் பாதி குறைந்த மாதிரி.

2025 ஜூலையில் அம்மாவின் கணக்கில் 3,400 ரூபாய் குறைந்தது. ஒரே தடவையில் போகவில்லை. 79, 159, 399 என்று சில்லறை சில்லறையாகப் போயிருந்தது. பாங்க் அட்டை திருட்டுப் போகவில்லை, யாரும் ஏமாற்றவும் இல்லை. விளையாட்டில் வரும் வீரனுக்குச் சட்டையும் துப்பாக்கியும் வாங்கப் பையன் கட்டிய பணம் அது. ரகசிய எண் அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவே முடியாது. கரண்ட் பில்லோ ரீசார்ஜோ எதைக் கட்டுவதானாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

அப்பா கை ஓங்கினார், ஆச்சி குறுக்கே விழுந்தார். போன் பீரோவுக்குள் போனது. அதன்பிறகு நடந்ததுதான் அம்மாவைப் பயமுறுத்தியது. பையன் அழவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை, தங்கையைக்கூடச் சீண்டவில்லை. பிடுங்கினால் மட்டும் போதாது, பிடுங்கிய இடத்தில் எதையாவது வைக்க வேண்டும் என்று அம்மாவுக்குத் தோன்றியது. கொழுந்துக் காட்டில் பக்கத்து வரிசைக்காரப் பெண் சொன்னார்: "நெட் இல்லாத கேம் இருக்கே அக்கா, கையில வெச்சு விளையாடுறது. அணைக்கட்டுக் கடையில தொங்குது பாருங்க."

ஓணத்துக்கு முன்னால் போனஸ் வரும். அதில் ஒரு பங்கை அம்மா மனதுக்குள் ஒதுக்கிவைத்தார்.

கையடக்க வீடியோ கேம் வாங்கப் போகிறவர்களுக்கு முன்னால் மூன்று படிகள் இருக்கின்றன. உச்சிப் படியில் நிண்டெண்டோ ஸ்விட்ச். 2017இல் வந்தது, உலகம் முழுக்க 15 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. பிள்ளை எவ்வளவு நேரம் ஆடலாம் என்று பெற்றோர் தங்கள் போனிலிருந்தே வரம்பு வைக்கலாம். இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து ஆடத் தோதானது. ஆனால் விலை 25,000 ரூபாய்க்கு மேல். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனியாகச் சில ஆயிரங்கள். ஊருக்குப் போய்வரும் டவுன் பிள்ளைகளின் மடியில் அதைப் பார்க்கலாம். கொழுந்து எடுப்பவருக்கு இரண்டு மாதக் கூலி அதிலேயே கரைந்துவிடும்.

நடுப் படியில், சந்தைகளில் '400 ஆட்டங்கள்' என்று அச்சடித்த பெட்டியில் வரும் சின்னக் கலர்த்திரை. ஐந்நூறு ரூபாய்ச் சுற்றில் கிடைக்கும். இதில் இருப்பவை பெரும்பாலும் 1980களின் ஜப்பானிய ஆட்டங்களின் அனுமதி பெறாத நகல்கள். ஒரே ஆட்டம் வேறு வேறு பெயரில் திரும்ப வரும். அதிலும் ஒரு நல்லது உண்டு. வயர் கொண்டு டிவியில் இணைக்கலாம். சில மாடல்களில் இன்னொருவர் ஆட இரண்டாவது கைப்பிடியும் தருகிறார்கள். பல மாடல்களில் பட்டன் போனில் போடும் அதே ரகச் செவ்வக பேட்டரிதான் இருக்கும். கெட்டுப்போனால் எந்த மொபைல் கடையிலும் மாற்றிக்கொள்ளலாம்.

கீழ்ப் படியில், கறுப்பு வெள்ளைத் திரையில் கட்டைகள் விழும் 'பிரிக் கேம்'. 1990களில் சென்னை பர்மா பஜாரிலிருந்து திருவிழாக் கடைகள்வரை தொங்கிய அதே சாமான். விலை இருநூறு ரூபாய்க்குப் பக்கம். உறையில் '9999 ஆட்டங்கள்' என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். உள்ளே இருப்பது ஒன்றிரண்டு டஜன் ஆட்டங்கள், மிச்சமெல்லாம் வேகத்தையும் கட்டத்தையும் மாற்றிப் போட்ட கணக்கு.

அணைக்கட்டுக் கடையில் அம்மா இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தார். அவர் கேட்ட கேள்விகள் எளியவை. பிள்ளைகளுக்கு இப்படியொரு சாமான் வாங்கும் யாரும் கேட்க வேண்டியவை.

"அண்ணே, இதுல காசு கட்டச் சொல்லுமா?"

"நெட்டே கிடையாது அக்கா. எப்படிக் கேட்கும்?"

"சின்னவ ஒருத்தி இருக்கா. பேட்டரியைக் கழட்டி வாயில போட்டுட்டா?"

கடைக்காரர் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பிரிக் கேமில் ரிமோட்டுக்குப் போடும் பேட்டரி இரண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். மலிவான சில சாமான்களில் பொத்தான் அளவு பேட்டரி இருக்கும். சின்னப் பிள்ளை அதை விழுங்கித் தொண்டையில் சிக்கிக்கொண்டால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்து புண்ணாகும். காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பேட்டரி மூடியில் திருகாணி இருக்கிறதா என்று பார்ப்பது ஆட்டத்தின் எண்ணிக்கையைப் பார்ப்பதைவிட முக்கியம். 2021 ஜனவரி 1 முதல் விளையாட்டுச் சாமான்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். சாலையோரக் கடைகளில் முத்திரையில்லாத சரக்கும் தொங்குவதால், பெட்டியைத் திருப்பிப் பார்ப்பது வாங்குகிறவர் பொறுப்பு.

"ராத்திரி போர்வைக்குள்ள வெச்சு ஆடுவானா?"

கடைக்காரர் சிரித்தார். "இதுல லைட்டே கிடையாது அக்கா. இருட்டினா கட்டை தெரியாது."

அம்மா அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டார். பெட்டியில் ஒரு குறையாக இருந்த விஷயம், வீட்டுக்கு வந்தபோது அதன் முதல் தகுதியாகிவிட்டது.

குறையைத் தகுதியாக்கும் இந்தக் கணக்கு கையடக்க விளையாட்டுகளுக்குப் புதிதல்ல, அவை பிறந்ததே இப்படித்தான். ஜப்பானின் கியோட்டோ நகரில் 1889இல் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய கம்பெனி நிண்டெண்டோ. அங்கே 1965இல் இயந்திரப் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தவர் குன்பெய் யோகோய். ரயிலில் அலுப்போடு உட்கார்ந்திருந்த ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டர் பொத்தான்களை அமுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் கையடக்க விளையாட்டின் யோசனை அவருக்கு வந்தது. கால்குலேட்டர் கம்பெனிகளின் போட்டியில் திரைகள் மலிந்து கிடந்த காலம். அந்த மலிந்த திரையை வைத்தே 1980இல் 'கேம் அண்ட் வாட்ச்' வந்தது. புதுசு வேண்டாம், காய்ந்துபோன பழைய தொழில்நுட்பத்துக்குப் புது உபயோகம் கண்டுபிடி என்பது யோகோயின் சித்தாந்தம்.

1989இல் அவர் குழு 'கேம் பாய்' கொண்டுவந்தபோது போட்டிக் கம்பெனிகள் கலர்த்திரைக்குத் தாவிக்கொண்டிருந்தன. கேம் பாயில் கலரும் இல்லை, திரைக்குப் பின்னால் வெளிச்சமும் இல்லை. ஆனால் நாலு பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. கலர்க்காரர்களின் சாமான் ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்தது. கேம் பாயும் பிறகு வந்த அதன் கலர் வடிவமும் சேர்ந்து சுமார் 11.87 கோடி விற்றன. இரண்டு பெட்டிகளைக் கம்பியால் இணைத்து இரண்டு பேர் ஆடவும் அதில் வசதி இருந்தது. மாட்டுப்பட்டிக் கடையில் தொங்கும் பிரிக் கேம், 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் எழுதிய டெட்ரிஸின் ஏழைச் சொந்தம். அகலத்தில் 10, உயரத்தில் 20, மொத்தம் 200 கட்டம். கட்டை மேலே முட்டினால் ஆட்டம் முடிந்தது.

முடியும் என்பதுதான் விஷயம். போனில் பையன் ஆடிய ஆட்டத்தை எழுதியவர்கள் அது முடிந்துவிடக் கூடாது என்றே எழுதுகிறார்கள். நாளைக்கும் வர வேண்டும், வந்தால் பரிசு, வராவிட்டால் நஷ்டம். சட்டம் இதில் ஓரளவுக்குத்தான் உதவும். 2025 ஆகஸ்டில் வந்த மத்திய அரசுச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்தது. பணம் ஜெயிக்கும் ஆசை காட்டாமல், வீரனுக்குச் சட்டை விற்கும் விளையாட்டு அந்தத் தடைக்குள் வராது. அந்தக் கதவை வீட்டில்தான் சாத்த வேண்டும்.

சாத்துவது சுலபமாக இல்லை. பிரிக் கேமைப் பார்த்ததும் பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "இது நர்சரிப் புள்ளைக்கு." சொன்னது சரி என்பதுபோலத் தங்கை எடுத்துக்கொண்டாள். அவளுக்குக் கட்டையைத் திருப்பத் தெரியவில்லை. ஆச்சியிடம் கொண்டுபோனாள். ஆச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பொத்தானை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். நாற்பது வருஷம் இரண்டு கையாலும் கொழுந்து கிள்ளிய விரல்கள். ஒரு வாரத்தில் அவை பொத்தான்களைப் பிடித்துக்கொண்டன. பேட்டரியைக் கழற்றினால் மதிப்பெண் அழிந்துவிடும் என்பதால் தங்கை அதைக் காலண்டர் தாளின் பின்னால் எழுதிவைத்தாள். ஆச்சி என்று ஒரு வரிசை, பாப்பா என்று ஒரு வரிசை.

பத்தாம் நாள் காலண்டரில் மூன்றாவது வரிசை முளைத்தது. யாரும் அவனைக் கூப்பிடவில்லை. ஆச்சி நீளக் கட்டையைத் தப்பான இடத்தில் போடுவதைப் பொறுக்க முடியாமல், "அங்க இல்ல ஆச்சி, ஓரமா விடுங்க" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஆச்சியின் முறை முடியும்வரை அவன் காத்திருக்க வேண்டியிருந்தது. போனில் அவன் யாருக்காகவும் காத்திருந்ததில்லை. அங்கே ஆட்டம் ஒருவருக்கு மட்டும். இங்கே ஒருவர் தோற்றால்தான் அடுத்தவர் கைக்கு வரும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று அம்மா சொல்வதில்லை. போனைக் கேட்டு இன்னும் சண்டை வருகிறது. வீட்டுப்பாடத்துக்கு அரைமணி நேரம், அதுவும் திண்ணையில் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் என்று ஏற்பாடு. ரகசிய எண் மாறிவிட்டது. ரீசார்ஜை இப்போது அப்பாவே தட்டுத்தடுமாறிச் செய்கிறார். ஆறு மாதம் போகட்டும், டிவியில் இணைக்கும் நானூறு ஆட்டக்காரனை வாங்கலாம், இரண்டு கைப்பிடி இருந்தால் மட்டும் என்று அம்மா சொல்லிவைத்திருக்கிறார். பையன் பேச ஆரம்பித்திருக்கிறான். தங்கையை மறுபடி சீண்டுகிறான். அந்தச் சத்தம் கேட்டால் அம்மாவுக்கு நிம்மதி.

மழை நாட்களில் ஐந்தரை மணிக்கே மலை இருட்டத் தொடங்கும். மின்சாரம் போய்விட்டால் லயத்தின் வரிசை முழுக்க ஒரே கறுப்பு. பையன் பிரிக் கேமை வாசல் பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பான். கொஞ்ச நேரத்தில் கட்டை எது, காலி இடம் எது என்று தெரியாமல் போகும்.

"முடிஞ்சுதாலே?" என்பார் ஆச்சி, இருட்டுக்குள்ளிருந்து.

"முடிஞ்சுது ஆச்சி."

"எவ்வளவு?"

அவன் மதிப்பெண்ணைச் சொல்வான். ஆச்சி நம்ப மாட்டார். விடிந்ததும் முதல் ஆட்டம் தன்னுடையது என்று சொல்லிவிட்டுத்தான் கஞ்சி குடிக்க எழுந்துபோவார்.