புள்ளி, சாய்கோடு

புஜைரா. மேற்கே ஹஜர் மலை. கிழக்கே ஓமான் வளைகுடா. எண்ணெய் நிரப்ப முறை வரும் வரை கப்பல்கள் நங்கூரம் போட்டு நிற்கின்றன.

தொழிலாளர் குடியிருப்பில் ஓர் அறை. மூன்று இரட்டைக் கட்டில்கள். கீழ்க் கட்டிலில் பழைய மடிக்கணினி. பாதி உரிந்த இன்டெல் ஸ்டிக்கர். உள்ளே உபுண்டு இயங்குதளம்.

மூத்தவர் எலக்ட்ரீஷியன். சட்டைப் பையில் டெஸ்டர். பக்கத்தில் இளையவன். கையில் சுலைமானி டீ.

இங்கே மணி 8.10. ராமநாதபுரத்தில் 9.40. மகள் பத்து மணிக்குத் தூங்கிவிடுவாள். வாட்ஸாப்பில் எழுத்து போகிறது, படம் போகிறது. இந்த நாட்டில் அழைப்பு மட்டும் போவதில்லை. ஜூமுக்குத் தடையில்லை.

டவுன்லோட்ஸ் அடைவில் ஜூம் கோப்பு கிடக்கிறது. பெயரில் 'ஏஎம்டி64'. கடைசியில் 'டெப்'.

மூத்தவர் ஸ்டிக்கரைத் தடவுகிறார்.

"இது இன்டெல்லாச்சே தம்பி?"

"இந்த வகை 64 பிட்டை மொதல்ல கொண்டுவந்தது ஏஎம்டிண்ணே. அந்தப் பேரே நின்னுடுச்சு. இன்டெல்லுக்கும் இதுதான்."

அந்த அடைவிலேயே டெர்மினல் திறக்கிறது. ஆள்காட்டி விரல் ஒவ்வொரு எழுத்தாகத் தேடுகிறது. சூடோ. ஆப்ட். இன்ஸ்டால். பிறகு கோப்பின் பெயர். என்டர்.

கடவுச்சொல் கேட்கிறது. அடிக்கிறார். திரையில் எதுவும் விழவில்லை. விரல் நிற்கிறது. இன்னும் பலமாக அழுத்துகிறார்.

"காட்டாதுண்ணே. ஆனா உள்ள போவுது."

அடித்ததை அழித்துவிட்டு, முதல் எழுத்திலிருந்து மறுபடி அடிக்கிறார்.

அந்தப் பெயரில் மென்பொருள் பொதி கிடைக்கவில்லை என்கிறது டெர்மினல். கோப்போ பக்கத்து ஜன்னலில் தெரிகிறது. மூத்தவர் அதையும் பார்க்கிறார், இதையும் பார்க்கிறார்.

"பேருக்கு முன்னால புள்ளி, சாய்கோடு. அது இல்லேன்னா உபுண்டு கடையில போயித் தேடும். போட்டாத்தான் நம்ம வீட்டுல தேடும்."

புள்ளி. சாய்கோடு. என்டர்.

இப்போது பூட்டு. பின்னணியில் தானியங்கிப் புதுப்பிப்பு ஓடுகிறது. அது முடியும் வரை காத்திருக்கச் சொல்கிறது. நொடிகள் ஒன்றொன்றாக ஏறுகின்றன.

வராந்தாவில் பொது அடுப்புக்கு வரிசை. யாரோ கடுகு தாளிக்கிறார்கள். இளையவன் எட்டிப் பார்க்கிறான். முன்னால் நான்கு பாத்திரங்கள்.

பூட்டு விடுகிறது. 'லிப்' என்று தொடங்கும் பெயர்கள் வரிசையாக இறங்குகின்றன. ஜூமுக்குத் துணையாக இவையும் வேண்டுமாம். தொடரலாமா என்று கேள்வி. ஒய் பெரிய எழுத்து, என் சிறிய எழுத்து. மூத்தவர் இளையவன் முகத்தைப் பார்க்கிறார்.

"சும்மா என்டர் தட்டுங்க. பெரிய எழுத்துல இருக்கிறதை எடுத்துக்கும்."

சதவீதம் நகர்கிறது. 40. 41. மூத்தவர் தலை சீவிக்கொள்கிறார். சட்டையின் மேல் பொத்தானைப் போடுகிறார்.

100. கடைசி வரியில் 'அனுமதி மறுப்பு'. சீப்பு கையிலேயே நிற்கிறது.

இளையவன் வரியின் தொடக்கத்தைத் தொட்டுக் காட்டுகிறான்.

"இங்க 'என்' இருக்கு பாருங்க. 'ஈ' இருந்தாத்தான் பிழை. இது வெறும் குறிப்பு. ஏறிடுச்சு."

ஜூம் திறக்கிறது. கேமராவில் முதலில் கட்டில் கம்பி, காயும் துண்டு. பிறகு மூத்தவர். அழைப்பு போய்க்கொண்டிருக்கிறது. அதற்குள் ஒயரிங் அளவு குறிக்கும் நோட்டை எடுக்கிறார். தமிழில் எழுதிக்கொள்கிறார்: சூடோ, ஆப்ட், இன்ஸ்டால், புள்ளி, சாய்கோடு. 'புள்ளி, சாய்கோடு' கீழே இரண்டு கோடு.

நோட்டு தேவைப்படும். இப்படித் தனியாக இறக்கிய ஜூமை உபுண்டு தானாகப் புதுப்பிக்காது. புதுப் பதிப்பு வந்தால் கோப்பை மறுபடி இறக்கி, இதே வரியை மறுபடி அடிக்க வேண்டும்.