தமிழ் தெரிந்த கருவி

புதிய கருவி சந்தைக்கு வந்தால் ஓராண்டு பொறுத்து வாங்கு என்பது நடுத்தரக் குடும்பங்களின் விவேகம். விலை இறங்கும், முந்திக்கொண்டவர்கள் குறைகளைக் கண்டு சொல்லிவிடுவார்கள். தமிழில் வாசிப்பவனுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் கருவிக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும்.

கிண்டில் 2007 நவம்பரில் அமெரிக்காவில் வெளியானது. விலை 399 டாலர். சில மணி நேரத்திலேயே விற்றுத் தீர்ந்தது. அதன் இந்தியக் கடை 2012இல் திறந்தது. அங்கே தமிழ் நூல்கள் முறையாக விற்பனைக்கு வந்தது 2016 டிசம்பரில்தான். ஒன்பது ஆண்டுகள்! நான் 2017இல் வாங்கினேன். எனக்கு நட்டம் ஏதுமில்லை.

இத்தனை தாமதத்திற்குத் தமிழின் எழுத்தமைப்பும் ஒரு காரணம். 'கொ' என்று எழுதும்போது கொம்பு முன்னும் கால் பின்னும் நிற்கின்றன. ஒருங்குறியோ முதலில் ககரத்தையும் அதன்பின் ஒகரக் குறியையும் சேமிக்கிறது. திரையில் வரையும் மென்பொருள் இதை அறிந்து இடம் மாற்றி வைக்க வேண்டும். அறியாத கருவியில் கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலுமாகச் சிதறிக் கிடக்கும். இல்லையேல் வெறும் கட்டங்கள்.

நான் காத்திருக்கப் பழகியதற்கு என் எம்.ஃபில். ஆய்வேடும் காரணம். 2003இல் திருவண்ணாமலையில் ஒரு தட்டச்சு நிலையத்தில் அடித்து நெகிழ்வட்டில் வாங்கினேன். அன்று எழுத்துருவுக்கொரு குறியாக்கம். 1999இல் தமிழக அரசு 'டாம்', 'டாப்' என்று தரப்படுத்தியிருந்தும் கடைகளில் அவரவர் வழி அவரவர்க்கு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தபோது ஆய்வேடு முழுவதும் பிரெஞ்சு எழுத்துகளும் கணிதக் குறிகளுமாக இருந்தது. அண்ணாமலையார் கோயில் சுவரில் சோழர் காலத்துக் கல்வெட்டைப் பயின்றவர் இன்றும் வாசித்துவிடலாம். அரசு ஒருங்குறியை ஏற்றது 2010இல்.

ஆனால் எல்லோரும் என்னைப் போலவே காத்திருந்திருந்தால்? 2005இல், தமிழ் அறியாத கைபேசிகளில் தமிழில் குறுஞ்செய்தி எழுதும் 'செல்லினம்' என்ற செயலியை முத்து நெடுமாறன் கொண்டுவந்தார். 2013இல் தொடங்கிய 'ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ்' குழுவினர், கிண்டிலின் திரையளவுக்கென்றே ஆறு அங்குலப் பிடிஎஃப் கோப்புகளைச் செய்து இலவசமாகத் தந்தார்கள். என் விவேகம் இவர்களுடைய உழைப்பில் நிற்பது.

அச்சு வந்தபோதும் இப்படித்தான். 1578இல் கொல்லத்தில் தமிழ் அச்சேறியது. புறநானூறு அச்சில் வந்தது 1894இல். 1835 வரை இந்தியர் தடையின்றி அச்சகம் வைக்க முடியவில்லை என்பதால் அதை நம் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் அந்த இடைவெளியில் செல்லரித்த ஏடுகள் எத்தனை என்று உ.வே.சா.வின் தன்வரலாற்றைப் படித்தவர்கள் எண்ணிப் பார்த்திருப்பார்கள்.

என் வகுப்பில் பார்வையற்ற மாணவர் ஒருவர் இருக்கிறார். என்விடிஏ என்ற திரைவாசிப்பானில் ஈஸ்பீக் குரலை வைத்துப் பாடநூல்களைக் கேட்கிறார். தகரத்தைத் தட்டுவது போன்ற குரல். குறுந்தொகையை அதில் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. இப்போது இயல்பான குரல்கள் வந்துகொண்டிருக்கின்றனவே, கொஞ்சம் பொறுத்தால் நல்லதாக ஒன்று கிடைக்குமே என்றேன். "அது வர்ற வரைக்கும் காத்திருந்தா என் பி.ஏ. முடிஞ்சிருமுங்க ஐயா" என்றார், காதுக்கருவியைக் கழற்றாமலே. அவர் அந்தக் குரலைச் சாதாரண வேகத்தைவிட இரண்டு மடங்கில் வைத்திருந்தார். எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அவர் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டிருந்தார்.