காற்று வரும் வழி

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்பது பெரியோர் வாக்கு. 'படிக்கப் போகும் பெண்ணுக்கு வெளியூரில் ஓர் அறை தேடிப் பார்' என்பதையும் அதனுடன் சேர்த்துக்கொள்ளலாம் என்பார்கள் எங்கள் அம்மா.

சென்ற ஆண்டு என் அக்காவிற்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. படிக்க இடம் கிடைத்தது. 1857-ஆம் ஆண்டு தோன்றிய அப்பல்கலைக்கழகம் சேப்பாக்கத்தில் கடலை நோக்கி நிற்கிறது. அதன் அருகிலுள்ள திருவல்லிக்கேணி, மாணவர்களும் வேலை தேடி வந்த இளைஞர்களும் தங்கும் 'மேன்ஷன்'களுக்குப் பெயர் பெற்றது. பெண்களுக்கான விடுதிகளும் அப்பக்கத்தில் உண்டு. அவற்றுள் ஓர் அடுக்குமாடி விடுதியைப் பார்க்கக் குடும்பத்துடன் சென்றோம்.

ஐந்தாம் மாடியில் அறை. மூன்று கட்டில்கள், ஒரே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் கைக்கு எட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர்! கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும், நண்பகலில் விளக்கேற்றி வைத்திருந்தார்கள். சிறு வயது முதல் இளைப்பு நோயால் துன்புறுபவள் என் அக்கா. "இங்கே என் பெண் மூச்சுவிட முடியாது. ஊரிலேயே ஏதாவது படிக்கட்டும்" என்றார்கள் அம்மா. புதுவைக்குத் திரும்பும்வரை அக்கா பேருந்தில் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அந்நாட்களில்தான் எங்கள் ஓவிய ஆசிரியை 'கோல்கொண்ட்' கட்டடத்தைப் பற்றி வகுப்பில் கூறினார்கள். ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தினர் தங்குவதற்காகக் கட்டப்பட்ட அவ்விடுதியை நான் தினமும் கடந்து செல்கிறேன். ஆனால் உற்றுப் பார்த்ததில்லை. ஹைதராபாத் திவானாக இருந்த சர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் கிடைத்த நன்கொடையை நினைவுகூர்ந்தே அதற்குக் கோல்கொண்டாவின் பெயர் வைக்கப்பட்டது. செக் நாட்டில் பிறந்த அன்டோனின் ரேமண்ட் வரைபடம் தீட்ட, சாமர், நகாஷிமா என்னும் கலைஞர்கள் உடனிருந்து உழைத்தனர். 1937-இல் தொடங்கிய பணி, உலகப்போர்க் காலத் தட்டுப்பாடுகளைத் தாண்டி 1940-களில் நிறைவுற்றது. அன்பர்கள் தந்த பித்தளைப் பாத்திரங்களை உருக்கிக் கதவுக் கீல்கள் வார்த்தார்களாம்!

இந்தியாவின் முதல் நவீன கான்கிரீட் கட்டடங்களுள் ஒன்றாகிய அது மூன்றே மாடிகள் உடையது. வடபுறம் நடைவழி, தென்புறம் அறைகள். வெளிச்சுவர்களில் கண்ணாடி ஜன்னல்களுக்குப் பதிலாக, திருப்பக்கூடிய கிடைத் தகடுகள் வரிசையாக உள்ளன. வெயிலைத் தடுக்கவும் காற்றை விடவும் அவற்றை வேண்டியபடி திருப்பலாம். ஒருபுறம் நுழையும் காற்று மறுபுறம் வெளியேறுகிறது. கட்டியவர்கள் முதலில் நம் ஊர்க் காற்றையும் வெயிலையும் கேட்டறிந்து, பிறகே சுவர் எழுப்பினர் போலும்!

அன்று மாலையே அதன் படத்தை நோட்டில் வரைந்து அப்பாவிடம் காட்டினேன். "அப்பா, எத்தனையாவது மாடி என்று கேட்க வேண்டாம். காற்று எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்று கேட்டுப் பாருங்கள்" என்றேன். அப்பா சிரித்தார்கள், ஆனால் மறு வாரமே மீண்டும் சென்னைக்குப் புறப்பட்டார்கள். ஏழெட்டு விடுதிகள் ஏறி இறங்கியபின், இரண்டு சுவர்களிலும் ஜன்னல் உள்ள ஓர் அறை முதல் மாடியில் கிடைத்தது. வாடகை அதிகம். பழைய ஸ்கூட்டரை மாற்றும் எண்ணத்தை அப்பா தள்ளிவைத்தார்கள். அம்மா அந்த அறைக்கு நேரில் சென்று, இரு ஜன்னல்களையும் திறந்து நின்று பார்த்த பிறகே சம்மதித்தார்கள்.

இன்று கல்விச்சாலைகளைச் சுற்றி நாளுக்கொரு மாடி எழும்புகிறது. இடம் குறைவு, மாணவர் மிகுதி; ஆகவே உயரம் தேவைதான். ஆயினும் ஓர் அறைக்குள் எத்தனை கட்டில் போடலாம் என்று கணக்கிடுவோர், அங்கே இரவில் கண்விழித்துப் படிக்கப்போகும் பெண்ணின் மூச்சையும் கணக்கில் சேர்த்தால் என்ன? எங்கோ பிறந்த கலைஞர்கள் நம் புதுவைக்கு வந்து அதைச் செய்து காட்டினரே, நம்மால் இயலாதா?

அக்கா இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.